பேச்சு மதிப்பீட்டுக்கு உட்காரும் முன்

1. முதலில் காது. "கூப்பிட்டா திரும்புறானே" என்று வீட்டார் உறுதியாகச் சொல்வார்கள். நிழல் அசைவதைக் கண்டும் பிள்ளை திரும்பலாம். தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்டு, 'ஸ' போன்ற உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் எட்டாமலும் இருக்கலாம். கேட்புச் சோதனை முடியாமல் எதையும் முடிவு கட்டாதீர்கள். ஓ.ஏ.இ. (OAE) சோதனையில் தேறிவிட்டான் என்று அதோடு நிறுத்தவும் வேண்டாம். அது உட்காதின் வேலையை மட்டுமே காட்டும். செவி நரம்பைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பெரா (BERA) சோதனை எடுக்க வேண்டும்.

2. "முதல் சொல் எப்போது வந்தது?" என்பதோடு விடாமல், "தண்ணி வேணும்னா என்ன பண்ணுவான்?" என்றும் கேளுங்கள். கையைப் பிடித்து இழுக்கிறானா, சுட்டிக்காட்டுகிறானா என்பதில் நிறைய விடை கிடைக்கும். பழியெல்லாம் தாய்மேல் விழும் வீடுகள் பல. அந்தத் தாயைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்.

3. உதடு, பல், நாக்கு, அண்ணம் பாருங்கள். 'ப-த-க' வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். "நாக்குக் கட்டை அறுத்துவிட்டால் பேசிடுவானா?" என்று கேட்பார்கள். நாக்குக் கட்டு சில ஒலிகளைத் தடுக்கலாம். மொழி கற்பதைத் தடுக்காது.

4. புரிதலைச் சோதிக்கும்போது உங்கள் கண்ணையும் கையையும் கட்டுப்படுத்துங்கள். "பந்தை நாற்காலிக்கு அடியில வை" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பார்த்தால், பிள்ளை உங்கள் பார்வையைப் புரிந்துகொண்டான், அவ்வளவுதான்.

5. ஆங்கிலச் சொற்பட்டியலை மொழிபெயர்த்து உச்சரிப்பைச் சோதிப்பது பெரிய அநியாயம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. சொல்லின் இறுதியில் 'க்', 'ட்' தேடி என்ன பயன்? பாட்டியும் அப்பாவும் 'பளம்' என்று சொல்லும் வீட்டில் பிள்ளையும் 'பளம்' என்றால் அது வட்டார வழக்கு. குறை என்று எழுதாதீர்கள். உண்மையான பிழை என்றால், நீங்கள் சொல்லிக்காட்டியதும் சரியாக வருகிறதா என்று பாருங்கள்; பயிற்சியை எங்கே தொடங்குவது என்பது அதில் தெரியும்.

6. விளையாடவிட்டுப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். குறைந்தது 50 கூற்றுகளாவது, பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள். சொற்களை மட்டும் எண்ணினால் தமிழ்ப் பிள்ளைக்கு நட்டம். "அம்மாகிட்ட குடுத்தேன்" இரண்டே சொல்தான். வேற்றுமை, இறந்தகாலம், 'நான்' மூன்றும் அதில் இருக்கின்றன.

7. பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்றால் இரண்டிலும் சோதியுங்கள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

8. அறிக்கையில் பிள்ளையால் முடிந்ததை முதலில் எழுதுங்கள். பெற்றோருக்குத் தமிழிலேயே வாசித்துக் காட்டி, அவர்கள் கேட்க நினைத்ததைக் கேட்கும்வரை உட்கார்ந்திருங்கள்.