காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள்

திண்டுக்கல்

அன்புள்ள யாழினிக்கு,

உன் மெயில் வந்தது. கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ஆஸ்துமாக்காரர்களுக்காக ஒரு ஆப் செய்யப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. முப்பது வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிற மாமாவுக்கு ஏதாவது தோன்றினால் எழுதச் சொல்லியிருந்தாய். நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். வண்ணமெல்லாம் அழகு. ஆனால் ஆப்பைத் திறந்ததுமே பன்னிரண்டு கேள்விகள், அதுவும் தினமும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2015 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் மருத்துவ ஆய்வுக்கென்று ரிசர்ச்கிட் என்ற மென்பொருளை வெளியிட்டபோது கூடவே வந்த ஐந்து ஆப்களில் ஒன்று ஆஸ்துமாவுக்கானது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் குழு செய்தது. ஆய்வில் சேர்ந்தவர்கள் 7,593 பேர். தினசரி, வாராந்தரக் கேள்விகளில் ஐந்து தடவையாவது முழுதாகப் பதில் சொன்னவர்கள் 2,317. ஆறாம் மாதக் கேள்வித்தாளை நிரப்பியவர்கள் 175. அந்த ஆய்வு வீணாகிவிடவில்லை. காட்டுத்தீப் புகையும் மகரந்தமும் சூழ்ந்த பகுதிகளில் தொந்தரவு கூடியதை அது காட்டிக் கொடுத்தது. ஆனால் 175 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி உன் மேசைக்கு மேலே ஒட்டிவை.

அவர்கள் சோம்பேறிகள் இல்லை. இந்த நோயின் குணம் அப்படி. நல்ல நாளில் ஆஸ்துமா இருப்பதே ஞாபகம் வராது. இழுப்பு வந்த நேரத்தில் போனைத் தடவிக்கொண்டிருக்கத் தெம்பு இருக்காது. இரண்டுக்கும் நடுவில்தான் உன் ஆப்புக்கு இடம். ஆகவே அதிகம் கேட்காமலே கவனிக்கிற ஆப்பாக அது இருக்க வேண்டும்.

எதைக் கவனிப்பது? இதற்கு என் கடையில் நடந்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்துமாவுக்கு இரண்டு வகைப் பம்பு என்று உனக்குத் தெரியும். கடையில் நான் ‘அவசரப் பம்பு’, ‘தினசரிப் பம்பு’ என்று சொல்லிக் கொடுப்பேன். அவசரப் பம்பில் இருப்பது சால்பூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைச் சில நிமிடத்தில் தளர்த்திவிடும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. அந்த வீக்கத்தை வற்ற வைப்பது தினசரிப் பம்பில் இருக்கும் ஸ்டீராய்டு, உதாரணமாக புடெசொனைடு. அதற்கு நாளும் வாரமும் ஆகும். இழுத்ததும் ஒன்றும் தெரியாது. மனுஷனுக்கு எதில் நம்பிக்கை வரும்? இழுத்ததும் சுகம் தருவதில்தான்.

ஒரு பள்ளி ஆசிரியர், என்னுடைய நெடுநாள் வாடிக்கையாளர். தினசரிப் பம்பை நிறுத்திவிட்டு அவசரப் பம்பை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். மாதம் ஒன்று. ஒரு குப்பியில் 200 பஃப். மாதம் ஒன்று தீர்கிறதென்றால் நாளைக்கு ஆறேழு பஃப். நல்ல மனிதர், கடன் வைக்கமாட்டார் என்று நானும் சிரித்த முகத்தோடு கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு மார்கழி இரவில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார். மறுநாள் பில் புத்தகத்தைப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. எழுதினேனே தவிர, படிக்கவில்லை.

பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மொத்தம் 195 மரணங்கள். விவரம் கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட அவசரப் பம்புகள் எழுதித் தரப்பட்டிருந்தன. கணக்கு ஏட்டில் இருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, வருஷத்தில் மூன்று குப்பியைத் தொட்டாலே எச்சரிக்கை என்கிறது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அவசரப் பம்பை மட்டும் கொடுத்து வைத்தியம் பார்க்கக் கூடாது என்று 2019-இல் சொல்லிவிட்டது. இப்போது சிலருக்கு, ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் கலந்த ஒரே பம்பையே இரண்டுக்குமாக டாக்டர் எழுதுகிறார். அவர்கள் கணக்கு வேறு. அதற்கும் உன் ஆப்பில் இடம் வை.

இந்தக் கணக்கை நோயாளியைக் கேட்காமல் எடுக்க முடியுமா என்று யோசித்தவர் டேவிட் வான் சிக்கிள் என்ற அமெரிக்கர். அவரை யோசிக்க வைத்தது ஒரு பழைய சம்பவம். 1980-களில் பார்சிலோனாவில் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஆஸ்பத்திரிகள் ஆஸ்துமாக்காரர்களால் நிரம்பின. காரணம் தெரிய வருஷக்கணக்காயிற்று. கடைசியில், துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கிய நாட்கள் அவை என்று தெரிந்தது. தானியக் கிடங்கின் உச்சியில் தூசு வடிகட்டி இல்லை. யார், எங்கே, எப்போது பம்பை அழுத்தினார்கள் என்று அன்றே தெரிந்திருந்தால்? அந்த யோசனையில் பம்பின் தலையில் மாட்டும் சிறு சென்சாரைச் செய்தார். அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அது நேரத்தைக் குறித்துக்கொண்டு போனுக்கு அனுப்பும். இடத்தைப் போன் சேர்த்துக்கொள்ளும். 2012-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் 1,147 பேர் அதை மாட்டிக்கொண்டார்கள். ஊரின் எந்தப் பகுதியில் மூச்சு முட்டுகிறது என்று நகரத்துக்கே ஒரு வரைபடம் கிடைத்தது.

சென்சாருக்கு உன்னிடம் பணம் இருக்காது. வேண்டாம். புதுக் குப்பி வாங்கிய அன்று ஒரே ஒரு பொத்தானை அழுத்தச் சொல். ஒரு குப்பிக்கும் அடுத்த குப்பிக்கும் இடையே எத்தனை நாள் என்பதை உன் ஆப் பார்த்துக்கொள்ளட்டும். இடைவெளி சுருங்கினால் ஒரு தடவை, தணிந்த குரலில், ‘டாக்டரைப் பார்க்கிற நேரம்’ என்று சொல்லட்டும். நான் அந்த ஆசிரியருக்குச் செய்யத் தவறியது இவ்வளவுதான்.

அடுத்தது, நீ யோசித்தே இருக்கமாட்டாய். என் கடையில் பெண் பிள்ளைக்குப் பம்பு வாங்க வரும் அம்மாக்கள் பலர், “அண்ணே, பேப்பர்ல சுத்திக் குடுங்க” என்பார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிற வீடென்றால் அதையே இன்னும் மெதுவாகச் சொல்வார்கள். வான் சிக்கிளுக்கு இதுவும் தெரியும். இந்தியாவில் ஆஸ்துமா என்ற பெயரோடு வரும் களங்கத்தையும் அதனால் டாக்டர்களுக்கு உண்டாகும் தயக்கத்தையும் பற்றி 2005-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் அவர். ‘வீசிங்’, ‘சளித் தொந்தரவு’ என்று மழுப்பித்தான் நம் ஊரில் பேச்சே நடக்கிறது. நீயோ பூட்டிய திரையில் ‘ஆஸ்துமா மருந்து எடுத்தீர்களா?’ என்று கொட்டை எழுத்தில் மின்ன விடுகிறாய். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரும் படிப்பார். உன் அறிவிப்பும் காகிதத்தில் சுற்றியே வரட்டும். ‘காலை வேலை முடிந்ததா?’ என்றாலே உரியவருக்குப் புரியும்.

இழுக்கும் முறையைச் சொல்லித் தரும் வீடியோ ஒன்று வைத்திருக்கிறாய். அதில் ஒரு ஆபத்து. குப்பிப் பம்பை அழுத்தும்போது மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் பவுடர் கருவியை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்குச் செய்தால் மருந்து நெஞ்சுக்குப் போகாது. கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியவரையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் நாளே அவர் கையில் இருக்கும் கருவியைப் படம் காட்டிக் கேள். பிறகு அதற்கான வீடியோவை மட்டும் காட்டு. பத்து வினாடி மூச்சை அடக்குவதும், ஸ்டீராய்டு இழுத்த பின் வாய் கொப்பளிப்பதும் அதில் இருக்கட்டும்.

காற்றின் தர எண்ணை முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கிறாய். ஊருக்கே ஆபத்து வரும் நாளில் அது உதவும். 2016 நவம்பர் 21 மாலை மெல்போர்னில் இடிமழைக் காற்று புல் மகரந்தத்தை நொறுக்கிப் பரப்பியதில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே முன்னறிவிப்பு தொடங்கிவிட்டார்கள். ஆனால் அளக்கும் நிலையம் எங்கோ இருக்கிறது. கொசுவத்திச் சுருள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தாளிக்கும் நெடி, ஊதுபத்தி, பஞ்சுமில் தூசு, கரப்பான் இவற்றையும் கேட்டு வை.

கெட்ட நேரத்துக்கு ஒரு திரை தனியாக வேண்டும். அதைப் படிக்கப் போவது நோயாளி இல்லை, பக்கத்தில் பதறி நிற்கிறவர். ‘நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். அவசரப் பம்பைக் கொடுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லையா, உதடு நீலம் பாய்கிறதா, 108.’ பெரிய எழுத்து, நல்ல தமிழ், ஒரே பொத்தான். நெட் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும். எத்தனை பஃப் என்பதை நீ முடிவு செய்யாதே. டாக்டர் எழுதித் தந்த திட்டத்தை அப்படியே காட்டு. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் வைத்தியத்துக்கான மென்பொருளும் மருத்துவக் கருவி விதிகளுக்குள் வந்துவிட்டது. மருந்தளவு சொல்வது விளையாட்டில்லை.

அந்தப் பன்னிரண்டு கேள்விகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள், அதையும் வாரம் ஒருமுறை கேள்: ‘இந்த வாரம் ராத்திரி மூச்சு வாங்கி எழுந்தீங்களா?’ ‘இரவுநேர அறிகுறிகள்’ என்று எழுதினால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள்.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா? லேப்டாப் வேண்டாம். மறுநாள் காலை கடை திறக்கும்போது என்னோடு வந்துவிடு. தெருவில் புகை அடங்கியிருக்காது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுத் தருகிறேன். முதல் ஒரு மணி நேரத்தில் யார் யார் வருகிறார்கள், என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிரு. பழைய பேப்பர் கட்டு உன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அன்றைக்குச் சுற்றிக் கொடுக்கிற வேலை உன்னுடையது.

அன்புடன்,
மாமா