கேட்கிறது, ஆனால் புரியவில்லையா?

60 வயதைக் கடந்தோரில் நால்வரில் ஒருவருக்கேனும் கேட்கும் திறன் இடர்தரும் அளவுக்குக் குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளில் உழைத்தோருக்கு மூப்போடு இரைச்சலும் சேர்கிறது. 85 டெசிபலை மிஞ்சும் ஓசை நாள்தோறும் தாக்கினால் உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிகின்றன. அவை மீண்டும் வளர்வதில்லை. முதலில் மங்குவது உயர்சுருதி ஒலிகளே. எனவே குரல் கேட்டாலும் ‘கடை’, ‘தடை’, ‘படை’ ஆகியன ஒன்றுபோல் தோன்றும்.

ஆடியோமீட்டர் கருவியால் ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கிறோம், வலி இராது. முந்தைய நாள் தறி இரைச்சலைத் தவிர்த்து வருக. காதில் குறும்பி அடைத்திருந்தால் முதலில் அகற்றுவோம். சிலருக்கு அதுவே போதும். சோதனையின்றிக் காதொலிக் கருவி வாங்க வேண்டா. திடீரென ஒரு காது கேளாது போனால், அன்றே மருத்துவரைக் காண்க.

வீட்டார் கத்த வேண்டா. முகம் பார்த்து நிதானமாகப் பேசுவோம்.