பாட்டி வந்த வழியைத் தேடுவோம்



"நாங்க சிலோன்ல இருந்து வந்தவங்க" என்று சொல்லும் குடும்பங்களை நாம் அறிவோம். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கித்தான் பலரும் ஊர் ஊராகப் பிரிந்தார்கள். அக்கா இங்கே, தங்கச்சி அங்கே என்று ஆன குடும்பங்களும் உண்டு.

அந்தச் சொந்தத்தை இன்டர்நெட்டில் தேடலாமா? தேடலாம். ஆனால் செல்போனை எடுப்பதற்கு முன் பாட்டியிடம் உட்காருங்கள். அவர் காலத்துக்குப் பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டோ, தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். காகிதத்தில் பெண் பெரும்பாலும் "இன்னார் மனைவி"தான். அதனால் பாட்டியின் அப்பா, அண்ணன் தம்பி பேரைத் தனியாகக் கேட்டு எழுதணும். இதை விட்டால் தாய்வழிச் சொந்தம் அப்படியே அறுந்து போகும்.

எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பக்கத்து டவுன் அட்டனா, தலவாக்கலையா என்றும் கேளுங்கள். தோட்டத்துக்கு ஜனங்கள் சொல்லும் தமிழ்ப் பேர் ஒன்று, காகிதத்தில் இங்கிலீஷ் பேர் வேறு. இரண்டும் வேணும். பிறகு மேப்பில் தேடலாம். ஒரே பேரை இங்கிலீஷில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். 'எச்' போட்டும் போடாமலும் தேடிப் பாருங்கள்.

'நூலகம்' என்ற இலங்கைத் தமிழ் மின்நூலகத்தில் மலையகம் பற்றிய புத்தகங்கள், பழைய பத்திரிகைகளை இலவசமாகப் படிக்கலாம். 'ஃபேமிலி சர்ச்' தளத்தில் வம்ச மரம் போடவும் காசு கிடையாது. இவற்றில் உங்கள் பாட்டி பேரே வந்துவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம். தோட்டத்துப் பேர் கிடைத்தாலே பாதி வழி தெரிந்த மாதிரி. அந்த ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில் தோட்டப் பேரையும் தாத்தா பேரையும் போட்டு விசாரிக்கலாம்.

பாஸ்போர்ட், ஆதார் படத்தை மட்டும் அங்கே போடாதீர்கள். "நான்தான் உங்க சித்தி மகன்" என்று வந்து பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால், பாட்டியின் செல்லப் பேர் என்னவென்று கேளுங்கள்!

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பாட்டியைக் கூட்டி வாங்க. நோட்டும் பேனாவும் நாங்கள் கொண்டு வருகிறோம்.