மரத்தடியில் ஒதுங்கும் பிள்ளைகள்

அன்புள்ள செல்விக்கு,

மரக்காணத்தில் பி.டி. டீச்சராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். பெரியப்பாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. அங்கே உன்னிடம் கேட்பார்கள்: "உப்பளத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி எதற்கு டீச்சர்? வேலை செய்தே உடம்பு உரமேறிப் போயிருக்கே!"

ஒரு நாள் காலையில் உப்பளத்துக்குப் போய்ப் பார். தலையில் ஈர உப்போடு வரப்பில் நடக்கிற பெண் கழுத்தைத் திருப்ப மாட்டாள். திருப்பினால் சுமை சரியும். வெயில் ஏறும்வரை அதே நடை, அதே பாரம். அவள் மகளும் குடத்தையும் தம்பியையும் இடுப்பில் சுமந்தே வளர்கிறாள். உழைக்கத் தெரிந்த உடம்பு அது. தாவவும் வளையவும், யாரும் ஏவாமல் ஓடவும் அதற்கு வாய்ப்பு உன் பீரியடில்தான். நீ அங்கே இருப்பது அதற்காகத்தான்.

அதனால் நன்றாக ஓடுகிற நாலு பேரைப் பொறுக்கி மாவட்டப் போட்டிக்கு டீம் கட்டுவதோடு நின்றுவிடாதே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போன ஹாரி குரோ பக், அதற்கு முன்பே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். வீரர்களுக்கு முன்னால் ஆசிரியர்கள் வேண்டும் என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ஏழாவது, எட்டாவது படிக்கும் பெண்பிள்ளைகள் மரத்தடியில் ஒதுங்குவார்கள். அதட்டாதே. வயிற்றுவலியாக இருக்கும், பையன்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சமாக இருக்கும். வலி என்றால் உட்காரட்டும். கூச்சம் என்றால் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடியச் சொல்லி, அவர்களை மட்டும் வைத்துக் கோ-கோ ஆடவிடு. நீயும் கூட ஓடு.

இன்னொன்று. தை பிறந்து உப்புப் பருவம் தொடங்கினால் அப்பா அம்மா விடியுமுன் பாத்திக்குப் போய்விடுவார்கள். காலைச் சிற்றுண்டித் திட்டமோ ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புப் பிள்ளையை ஓடச் சொல்லுமுன் "சாப்பிட்டியா?" என்று கேள்.

பரீட்சை நெருங்கும்போது கணக்கு வாத்தியார் உன் பீரியடைக் கேட்பார். மரியாதையாக மறுத்துவிடு. பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. திடல் மட்டும் இருந்து பிள்ளைகள் அதில் இறங்க நேரமில்லை என்றால் என்ன நியாயம்?

கால அட்டவணை போடும்போதே காலைப் பீரியடாகக் கேட்டு வாங்கிவிடு. சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் அந்த மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. பாதிப் பிள்ளைகளுக்கு ஷூ இருக்காது.

அன்புடன்,
பெரியப்பா