வானூர்தியின் வேகமும் பயணத்தின் நேரமும்



சிங்கப்பூரில் உறவினர் ஒருவர் காலமானார் என்னும் செய்தி, கிள்ளானில் வாழும் ஒரு குடும்பத்திற்கு விடியற்காலையில் வருகின்றது எனக் கொள்வோம். மாலைக்குள் சென்று இறுதி மரியாதை செலுத்த வேண்டும். பேருந்தில் செல்வதா? வானூர்தியில் செல்வதா? இவ்வினாவிற்கு விடை காணக் கணக்குப் பாடம் துணை புரியும்.

முதலில் தொலைவைக் காண்போம். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998ஆம் ஆண்டு முதல் செப்பாங்கில் இயங்கி வருகின்றது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1981இல் திறக்கப்பட்டது. செப்பாங்கிலிருந்து சாங்கி, தெற்கே ஏறத்தாழ 155 கி.மீ., கிழக்கே ஏறத்தாழ 253 கி.மீ. தள்ளி அமைந்துள்ளது.

20 கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என அளவு கொள்க. தாளில் 7.8 செ.மீ. நீளக் கோடு ஒன்றைக் கீழ்நோக்கி வரைக. அது முடியும் இடத்திலிருந்து வலப்புறமாக 12.7 செ.மீ. நீளக் கோடு வரைக. தொடக்கப் புள்ளியையும் இறுதிப் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்து அளந்து பார்க்க. ஏறத்தாழ 14.9 செ.மீ. இருக்கும். 14.9 × 20 = 298. ஆகவே, வான்வழித் தொலைவு 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகும். சாலை வழியோ ஏறத்தாழ 350 கி.மீ.

இனி நேரத்தைக் காண்போம். உயரே பறக்கும் ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 800 கி.மீ. வேகத்தில் செல்லும். அவ்வாறாயின் 300 கி.மீ. செல்ல 22½ நிமிடமே போதும். ஆனால், பயண அட்டவணையில் ஒரு மணிக்கும் மேலாகக் குறித்திருப்பதைக் காணலாம். காரணம் யாது? விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர்வது முதல், சேருமிடத்தில் வந்து நிற்பது வரையுள்ள நேரமே அட்டவணையில் குறிக்கப்படுகின்றது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், கீழிறங்கவும் நேரம் செல்லும். குறுகிய பயணத்தில் முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்களே.

அது மட்டுமன்று. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் சென்ட்ரல் நிலையத்திற்கு 1 மணி நேரம். அங்கிருந்து விரைவு இரயிலில் செப்பாங்கிற்கு ½ மணி. புறப்பாட்டிற்கு முன் காத்திருக்க 2 மணி. வான்பயணம் 1 மணி. குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிகளைப் பெறுவதற்கும் 1 மணி எனக் கொண்டால், மொத்தம் 5½ மணி நேரமாகும். எல்லையில் நெரிசல் இல்லாத நாளில் பேருந்தும் ஏறத்தாழ 5 அல்லது 6 மணி நேரத்தில் சென்றடையும். எனவே, எது முதலில் புறப்படும், கட்டணம் எவ்வளவு என்பனவற்றைக் கேட்டறிந்து முடிவு செய்வதே அறிவுடைமை.

சென்னைப் பயணமோ வேறு. தொலைவு ஏறத்தாழ 2,600 கி.மீ.; வானூர்தியில் ஏறத்தாழ 4 மணி நேரம். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கிள்ளான் துறைமுகம் வந்து சேர ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழிந்தது. தொலைவு மிகுந்தால் வானூர்தியின் பயனும் மிகும் என அறிக.

பயிற்சி:
1. கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலு ஏறத்தாழ 1,600 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறந்தால் எவ்வளவு நேரமாகும்?
2. அட்டவணை ஏறத்தாழ 2½ மணி நேரம் எனக் காட்டுவது ஏன்? பெற்றோருக்கு விளக்கிக் கூறுக.