குத்துக்காயமும் சலைன் பாட்டிலும்

கேள்வி: கத்திக்குத்தில் இரத்தம் இழந்தவருக்கு உடனே சலைன் ஏற்றுவதுதானே உயிர் காக்கும்?

பதில்: எப்போதும் அப்படியன்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், மார்பிலோ வயிற்றிலோ கத்தியோ குண்டோ துளைத்து, சிஸ்டாலிக் அழுத்தம், அதாவது இதயம் சுருங்கும்போது தமனியில் நிலவும் அழுத்தம், 90-ஐத் தாண்டாதிருந்த 598 பேரிடம் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வில், வழியிலேயே திரவம் ஏற்றப்பட்டோரில் 62 விழுக்காட்டினரும், அறுவை அரங்கு சேரும்வரை அது நிறுத்திவைக்கப்பட்டோரில் 70 விழுக்காட்டினரும் பிழைத்தனர். (நோயாளிகளை ஒற்றைப்படை, இரட்டைப்படைத் தேதிகளைக் கொண்டு பிரித்தது சீட்டுக் குலுக்கலுக்கு ஈடாகாது என்பது வேறு விஷயம்.) இரத்தக் கசிவு அடைபடுமுன் அழுத்தத்தை உயர்த்தினால், கிழிந்த குழாயின் வாயில் அப்போதுதான் படிந்த உறைகட்டி பெயர்ந்து இரத்தம் மீண்டும் பீறிடக்கூடும், உப்புநீரோ ஆக்சிஜனைச் சுமப்பதுமில்லை, இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களையும் நீர்க்கச் செய்துவிடுகிறது. தலையிலும் அடிபட்டவருக்கு இக்கணக்கு பொருந்தாது. குறைந்த அழுத்தம் மூளைக்கு ஆகாது.