பெயர் சூட்டுவது எதற்காக? குன்ஸா பற்றிய ஒரு பாடம்

மனிதர்களை ஆண் என்றும் பெண் என்றும் படைத்தவன் அல்லாஹ். அவன் படைப்பில் சிலர், இவ்விரண்டில் எதில் சேர்வர் என்று எளிதில் சொல்ல முடியாத உடலமைப்புடன் பிறக்கின்றனர். இக்காலத்தில் உடலமைப்புக்கு ஒரு பெயர், மனப்போக்குக்கு ஒரு பெயர், நாட்டத்துக்கு ஒரு பெயர் என்று பெயர்கள் பெருகிவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கையொட்டி, 2022-ஆம் ஆண்டு தமிழக அரசு இதற்கெனத் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றையே வெளியிட்டது. இத்தனை பெயர்கள் தேவைதானா என்று நம் வீடுகளிலும் கேட்கிறார்கள். ஃபிக்ஹு நூல்கள் என்ன வழி காட்டுகின்றன என்று பார்ப்போம்.

ஆண், பெண் இருவருக்குமுரிய உறுப்புகள் ஒருங்கே அமைந்தவரை, அல்லது இரண்டுமின்றிச் சிறுநீர்த் துவாரம் மட்டும் உள்ளவரைச் சட்ட நூல்கள் 'குன்ஸா' என்கின்றன. சிறுநீர் வரும் வழியைக் கொண்டு முடிவு செய்வது ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் தீர்ப்பு. அதனால் தெளிவாகாவிட்டால், பருவ வயதில் தாடி முளைத்தல், மாதவிடாய் வருதல் போன்ற அடையாளங்களைப் பார்க்க வேண்டும். அவற்றாலும் தெளிவு பிறக்காதவரே 'குன்ஸா முஷ்கில்'. முஷ்கில் என்றால் சிக்கலானது என்று பொருள். சிக்கல் அந்த மனிதரிடம் இல்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய நம் அறிவில் இருக்கிறது.

இமாம்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தது ஏன்? ஓர் உதாரணம் பாருங்கள். மோகனூரில் மனைவியை இழந்த ஒருவர், காவிரிப் பாசனத்தில் 6 ஏக்கர் கரும்பு நிலத்தை விட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். வாரிசுகள் ஒரு மகனும், குன்ஸா முஷ்கிலான ஒரு பிள்ளையும். அப்பிள்ளையை ஆணாகக் கொண்டால் 3 ஏக்கர், பெண்ணாகக் கொண்டால் 2 ஏக்கர் சேரும். ஹனஃபீ மத்ஹபில் குறைந்த பங்கான 2 ஏக்கர் கிடைக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளைக்கு 2, மகனுக்கு 3 கொடுத்து, மீதி 1 ஏக்கரை நிலைமை தெளியும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். மாலிக்கீ மத்ஹபில் இரண்டின் சராசரியான இரண்டரை ஏக்கர். கருத்து வேறுபாடு அளவில்தான். அப்பிள்ளைக்குப் பங்கே இல்லை என்று எந்த இமாமும் சொல்லவில்லை.

தொழுகையிலும் அப்படியே. ஆண்களின் ஸஃப்புக்கும் பெண்களின் ஸஃப்புக்கும் இடையில் அவருக்கு இடம் உண்டு. மவுத்தானால், குளிப்பாட்டுவது ஆணா பெண்ணா என்ற தயக்கம் வராமல், ஹனஃபீ நூல்கள் தயம்மும் செய்விக்கச் சொல்கின்றன. கஃபனும் உண்டு, ஜனாஸாத் தொழுகையும் உண்டு. ஆகவே அந்தப் பெயர் அவரை ஜமாஅத்திலிருந்து விலக்குவதற்காக வந்ததல்ல. ஜமாஅத்தில் அவருக்குரிய இடத்தைக் கொடுப்பதற்காக வந்தது.

உடலில் ஐயமில்லை, ஆனால் நடையிலும் பேச்சிலும் பெண்மை சாயல் உள்ள ஆணை 'முகன்னஸ்' என்பர். ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இவர்களை இரு வகையாகப் பிரிக்கிறார்கள். இயற்கையிலேயே அவ்வாறு அமைந்தவர் மீது பழியுமில்லை, குற்றமுமில்லை. வேண்டுமென்றே பாவனை செய்பவரே ஹதீஸில் கண்டிக்கப்பட்டவர். இந்தப் பிரிவினையும் குற்றமற்றவரைப் பழியிலிருந்து காக்கவே பயன்படுகிறது. நாட்டத்தைப் பொறுத்தவரை, ஷரீஅத்தின் தடை செயலுக்குத்தான். செயலாகாத மன எண்ணத்திற்கு உம்மத்தினரிடம் கேள்வி இல்லை என்று ஹதீஸ் உண்டு. அதைத் துருவி ஒருவருக்குப் பட்டம் கட்டும் வேலை நமக்கு இல்லை.

அரசு தரும் பெயர்களுக்கும் இதே அளவுகோல்தான். 2008-இல் தமிழக அரசு திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. ஒரு பெயரால் ஒருவருக்கு உரிமை கிடைக்குமானால் அது உதவும் பெயர். தெருவில் 'ஒன்பது' என்றும் 'அலி' என்றும் கேலி பேசுவது வேறு. பட்டப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுக்கிறது.

தாய்மார்களே, தந்தையரே! உங்கள் குழந்தையின் உடலமைப்பில் ஐயம் இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மார்க்கச் சட்டத்தை ஆலிமிடம் கேளுங்கள். உறவினருக்கெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அவசரமும் வேண்டாம். உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி இத்தகைய சிசுக்களுக்குப் பாலை மாற்றியமைக்கும் அறுவை செய்யலாகாது என்று 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூற, தமிழக அரசும் அவ்வாறே ஆணையிட்டது. தெளிவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது நம் நூல்களிலும் உள்ள முறையே. அதுவரை வீட்டில் என்ன சொல்லி அழைப்பது? ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான 'கண்ணு' என்ற சொல் நம் பக்கத்தில் இருக்கவே இருக்கிறது.

உரிமையைச் சேர்க்கும் பெயரைப் பயன்படுத்தவும், மனத்தை நோகச் செய்யும் பெயரை நாவிலிருந்து நீக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.